மருமகள் மருந்து வைத்தாளா?

அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சித்த மருத்துவர்களுக்காக, வயிற்று நோய்களைப் பற்றி இரண்டு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். உண்மையிலேயே இரண்டு வார்த்தை போதுமென்றால், "வெட்கப்படாமல் கேளுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போயிருப்பேன். ஓய்வு பெற்றவர்களிடம் இரண்டு வார்த்தை கேட்பவர்கள் பின்விளைவுகளுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

எந்தச் சூரணம், எந்த லேகியம், எந்த அளவு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேற்றுத்தானே பரீட்சை எழுதி வந்தீர்கள். தெரியாதது ஒன்று இருக்கிறது. நம்மிடம் வருகிறவர் வெறும் வயிற்று வலியோடு வருவதில்லை, தீர்ப்போடு வருகிறார். சூடு, வாயு, தொக்கம், கண்ணேறு என்று ஏதோ ஒன்று வீட்டிலேயே முடிவாகியிருக்கும். நாம் அதன் அடியில் கையெழுத்துப் போட்டால் போதும். போடாவிட்டால் கையெழுத்துப் போடுகிற வேறு ஆள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். அவருக்கு நம்மைவிடப் பெரிய போர்டு.

வயிற்று நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்குக் குடலில் புண் இருக்காது. சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் மனிதன் சரியாக இருக்க மாட்டான். ஐபிஎஸ் (IBS), அதாவது புண் இல்லாமலே முரண்டு பிடிக்கிற குடல், என்று சீட்டில் எழுதுவார்கள். நாகமலைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள், வழியில் எந்தெந்த நிறுத்தத்தில் கழிப்பறை இருக்கிறது என்று பஸ் ரூட்டைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் இலையைப் பார்க்கும்போது இவர்கள் வாசலைப் பார்ப்பார்கள். இவர்களிடம் "உனக்கு ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறை" என்று சொல்லி அனுப்புவது மருத்துவம் அல்ல. நேரத்துக்குச் சாப்பாடு, போதுமான தூக்கம், பால் டீயைக் குறைத்துப் பார்ப்பது, எது சாப்பிட்டால் படுத்துகிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது, கூடவே நம் சுண்டைவற்றல் சூரணமோ மோரோ. இவ்வளவில் பாதிப் பேர் தேறிவிடுவார்கள். மீதிப் பேருக்கு, நம்மை ஒருவர் நம்புகிறார் என்பதே கொஞ்சம் தேற்றும்.

ஆனால் இந்தக் கூட்டத்துக்குள்தான் இன்னொருவனும் உட்கார்ந்திருப்பான். அவன் குடலில் நிஜமாகவே புண் இருக்கும். பார்வைக்கு இருவரும் ஒன்று. அவனைக் கண்டுபிடிப்பதுதான் நமக்குச் சம்பளம் தரும் வேலை. கதிரேசன் கதையை அதற்காகத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் மேலூர் ரோட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் இருந்தேன். சித்தப் பிரிவு என்றால் கடைசி அறை. அதற்கு அப்பால் டூவீலர் ஸ்டாண்டு. நீங்கள் போகிற இடத்திலும் அப்படித்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். ஒருநாள் காலையில் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். பேச்சியம்மாள் என்ற ஐம்பது வயதுப் பெண், அவருடைய அண்ணன் ஒச்சப்பன், பேச்சியம்மாளின் மகன் கதிரேசன். ஒத்தக்கடைப் பக்கம் புதிதாகப் போடுகிற வீட்டு மனைகளில் ஜேசிபி ஓட்டுகிறவன் கதிரேசன். சட்டை அவன் மேல் கிடந்ததைப் பார்த்தால், அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. அது அவனுடைய கல்யாணச் சட்டைதான் என்று பிறகு தெரிந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நான்காவதாக ஓர் ஆள் இருந்தாள். வெளியே, ஸ்டாண்டில் நின்ற ஒரு வண்டியில் சாய்ந்துகொண்டு. உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று பேச்சியம்மாள் தலையை மட்டும் அசைத்தார். அந்த அசைப்பிலேயே அது மருமகள் என்று புரிந்துவிட்டது.

ஒச்சப்பன் சுற்றி வளைக்கிற மனிதர் இல்லை. மருமகன் கல்யாணமான புதிதில் நன்றாகத்தான் இருந்தான். பிறகு வயிற்று வலி, வயிற்றுப் போக்கு, இளைப்பு. எத்தனையோ பார்த்தாயிற்று. மதுரையில் ஒரு கிளினிக்கில் ஐபிஎஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து முளைகட்டிய பயறும் பச்சைக் காய்கறியும் தின்றான், இன்னும் மோசமானது. கடைசியில் மேலூர்ப் பக்கம் மருந்தெடுக்கிற ஆளிடம் கூட்டிப்போனார்கள். அவர் பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தியெடுக்க வைத்ததில், கறுப்பாக முடியோடு ஓர் உருண்டை வந்ததாம். பெண்டாட்டி புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் வைத்த மருந்து. வந்தது கொஞ்சம்தான், மிச்சம் உள்ளே ஒட்டியிருக்கிறது என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார்.

"வர்ற வெள்ளிக்கெழம ரெண்டு வீட்டாளுகளும் உக்காந்து பேசுறோம்," என்றார் ஒச்சப்பன். "அத்துவிடுறதா வேணாமான்னு அன்னைக்கே முடிவு. நீங்க கவருமெண்டு டாக்டரு. நாடி பாத்து, உள்ள மருந்து இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீகன்னா, அவுகளும் பேச முடியாது, நாங்களும் பேச வேண்டியதில்ல. அம்புட்டுதான்."

உங்களுக்கு இந்நேரம் ஒரு கதை தோன்றியிருக்கும். தாய்மாமனுக்கு ஒரு பெண் இருக்கும், அதைக் கட்டாத கோபம் என்று. எனக்கும் தோன்றியது, கேட்டும் பார்த்தேன். அவருக்கு இரண்டும் பையன்கள். அந்த மனிதர் தங்கை மகன் செத்துப்போவானோ என்று உண்மையாகவே பயந்துபோயிருந்தார். வேலையில் நான் பார்த்த கெட்ட முடிவுகளில் பல, நல்லவர்கள் பயத்தில் எடுத்தவைதான்.

இடுமருந்து என்று ஒன்று கிடையாது, அந்த ஆள் கைக்குள் வைத்திருந்த உருண்டையைக் காட்டி ஏமாற்றியிருக்கிறான் என்று வெடுக்கென்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நான் ஜெயித்திருப்பேன். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் தோற்றிருப்பாள். கதிரேசன் வேறு ஏதாவது சாற்றைக் குடித்துக்கொண்டிருப்பான். நோயாளியின் வீட்டாரோடு வாதம் செய்து ஜெயிக்கிற டாக்டரிடம் இரண்டாம் முறை யாரும் வருவதில்லை. அதை அவர் தன் வெற்றி என்று எண்ணிக்கொள்வதும் உண்டு.

நாடி பார்க்கிறேன் என்றேன். கையைப் பிடித்தேன். நாடி குதிரைபோல் ஓடியது. நகம், உள்ளிமை, நாக்கு எல்லாம் வெளுத்திருந்தன. நாடி பார்க்கும்போது பக்கத்தில் ரத்த உறவு இருக்கக் கூடாது என்று சொல்லி அம்மாவையும் மாமனையும் வெளியே அனுப்பினேன். அப்படி ஒரு விதி எந்தச் சுவடியிலும் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கதவு சாத்தியதும் கேட்டேன், மலத்தில் ரத்தம் போகிறதா என்று.

அவன் சுவரில் தொங்கிய மூலிகைப் படத்தைப் பார்த்தான். பிறகு, போகும் என்றான். எவ்வளவு நாளாக என்றால், ரொம்ப நாளாக. தூக்கத்தில் எழுந்து போக வேண்டியிருக்கிறதா என்றால், ஆமாம். இதை அந்த கிளினிக்கில் சொன்னாயா என்றால், இல்லை.

"அது மூலச்சூடு டாக்டரம்மா. ஜேசிபி சீட்டுல உக்காந்தா எஞ்சின் மேலயே உக்காந்த மாதிரி. எங்க செட்டுல எல்லாப் பயலுக்கும் இருக்கு. அத எதுக்குச் சொல்லிக்கிட்டு."

ஒரு வண்டியின் சீட்டு இத்தனை பேருடைய ரத்தத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டிருப்பதை நான் அன்றுதான் அறிந்தேன். நல்ல வேளையாக அவர்களில் பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும். இவனுக்கு இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன்; சொல்லாததை அவர் எப்படி அறிவார். ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டும். நோயறியும் எண்வகைத் தேர்வில் மலமும் ஒன்று என்று எழுதி மதிப்பெண் வாங்கிய நாமும், எதிரே ஆள் உட்கார்ந்ததும் "மோஷன் எப்படி" என்று கேட்டுவிட்டு, "பரவால்ல" என்ற பதிலை எழுதிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறோம். ஐபிஎஸ் மனிதனைப் பாடாய்ப் படுத்தும், ஆனால் கரைக்காது. தூங்குகிறவனை எழுப்பாது. ரத்தம் காட்டாது. எடை இறங்குகிறது, தூக்கம் கலைகிறது, ரத்தம் போகிறது, வெளுத்திருக்கிறான் என்றால், நம் அலமாரியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசத் தொலைபேசியை எடுங்கள்.

பிறகு, இது தொடங்குவதற்கு முன் வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்டேன். கல்யாணம் என்றான். அதைத் தவிர என்றேன். சாப்பாடு, டீ, வலி மாத்திரை, ஊர் மாற்றம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனதில், அவன் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் மலர்ந்தது. சிகரெட்டை விட்டுவிட்டானாம். பள்ளிக்கூட நாளிலிருந்து இருந்த பழக்கம். மறுவீட்டுக்குப் போன இடத்தில், புதுப் பெண்டாட்டி தனியாகக் கூப்பிட்டு, எனக்குச் சேலை வேண்டாம் நகை வேண்டாம், இதை மட்டும் விடுங்கள் என்று சொன்னாளாம். "அன்னைக்கு வாசல்ல போட்டு மிதிச்சவன்தான். ஒரு இழுப்பு இல்ல இன்னைக்கு வரைக்கும்," என்றான். வாழ்க்கையில் அவன் செய்த பெரிய காரியம் அது என்று தெரிந்தது.

நான் பேனாவை மூடிவிட்டேன்.

பெருங்குடலில் புண் வருகிற ஒரு வகை அழற்சி நோய், புகைக்கிறவர்களிடம் அடங்கியே கிடந்து, புகையை விட்ட பிறகு தலைதூக்குவது உண்டு. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். எதிரே ஒருவன் பெருமையோடு உட்கார்ந்திருக்கும்போது அந்த வரி எப்படிக் கனக்கும் என்று புத்தகத்தில் இருக்காது. பேச்சியம்மாளுக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் மருமகள் வந்த பிறகுதான் நோய் வந்தது என்ற கணக்கு சரி. மருமகள் சொல்லித்தான் வந்தது என்றுகூட ஒரு வக்கீல் வாதாடலாம்.

அதை அவனிடம் உடனே சொல்லவில்லை. என்ன நோய் என்று உறுதியாகத் தெரியாமல் காரணத்தைச் சொல்வது தப்பு. அதைவிட, வெளியே ஒச்சப்பன் காத்திருந்தார்.

பெண்ணை அழைத்து வரச் சொன்னேன். நாடிக்கு மனைவியின் வலது கையும் வேண்டும் என்று ஒரு காரணம் சொன்னேன். அன்றைக்குச் சாத்திரத்தை நான் ரொம்பவே வளைத்துவிட்டேன். அவள் பெயர் செல்வி. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு விட்டவள். புருஷனுக்கு ரத்தம் போவது தெரியுமா என்று கேட்டேன். துணி துவைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற மாதிரி பார்த்தாள்.

"தெரியும் டாக்டர். சொன்னா, நீ எப்புடிப் பாத்தே, நீ வச்ச மருந்துதான் இம்புட்டையும் கொண்டாருதுன்னு சொல்லுவாக. நான் சமைச்சா அத்தை இவுகளத் தொட விடமாட்டாக. அடுப்படிக்குள்ளயே வரக் கூடாதுன்னுட்டாக. தண்ணி மோந்து குடுத்தாக்கூடக் கொட்டிட்டு வேற மோந்து குடுக்குறாக." கொஞ்சம் நிறுத்தினாள். "அவுக சமைச்சுப் போட்டும் இவுக எளச்சுக்கிட்டேதான் வாராக. அதையும் நான்தான்னு சொல்றாக."

கதிரேசன் இதற்கெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அவன் நல்லவன்தான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தால் நல்லவர்கள் பேச மாட்டார்கள்.

செல்வி அழாமல் பேசினாள் என்பதைச் சொல்ல வேண்டும். அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டேன். எனக்கு முன்னால் இருந்தவை இரண்டே காரியங்கள்: இவன் இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமைப் பேச்சு நடக்காமல் இருக்க வேண்டும். இரண்டையும் தடுக்கவும் நடத்தவும் கூடிய ஆள் ஒச்சப்பன் ஒருவர்தான். ஆகவே அவரைப் பார்த்தே பேசினேன். குடலில் ஏதோ இருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது என்றேன். அது மருந்தா வேறா என்று நாடியில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் மதுரையில் கேமரா வைத்துக் குடலுக்குள் பார்க்கிறார்கள். உள்ளே என்ன ஒட்டியிருந்தாலும் அப்படியே படத்தில் தெரியும். உங்கள் கையிலேயே படம் தருவார்கள். அந்தப் படம் இல்லாமல் வெள்ளிக்கிழமை உட்கார்ந்தால், பெண் வீட்டார் ஆதாரம் என்ன என்று கேட்க மாட்டார்களா?

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒச்சப்பன் யோசித்தார். படம் கலரில் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். கேமரா எந்த வழியாகப் போகும் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, நீ தாங்கிருவேல்ல?" என்றார். அந்த அறையில் அன்று சிரித்தது கதிரேசன் மட்டும்தான்.

பக்கத்து அறைப் பொது மருத்துவரிடம் போய் அவசரமாகப் பரிந்துரை எழுதித் தரச் சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்டார். இடுமருந்து என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்க்கப் பையனிடம் போனார். திரும்பி வந்து ஒன்றும் கேட்காமல் எழுதினார். சித்தாவும் ஆங்கில மருத்துவமும் ஒத்துழைக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுவார்கள். அது நடப்பது இப்படித்தான், நடைபாதையில், வெளுத்துப்போன ஒருவனுக்கு முன்னால்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம் கேமரா. வெள்ளிக்கிழமைப் பேச்சு தானாகவே தள்ளிப்போனது. பஞ்சாயத்துப் பேச வேண்டியவர்கள் எல்லாரும் வார்டு வாசலில் டிபன் பாக்ஸோடு நின்றார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு நால்வருமாக என்னிடம் வந்தார்கள். இந்தமுறை நான் கூப்பிடாமலே செல்வியும் உள்ளே வந்தாள், ஆனால் நின்றுகொண்டாள். ஒச்சப்பன் படத்தை மேசையில் விரித்தார். கூடவே தன் போனிலும் படம் பிடித்து வைத்திருந்தார். இந்தச் சிவப்பெல்லாம் புண், இது ரத்தக் கசிவு, மருந்து கிருந்து ஒன்றும் இல்லை, நானே பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றார். அந்த அறைக்குள் அவரை யாரும் விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து ஊரில் குடல் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போகிறார்கள் என்று கேள்வி. மேலூர்க்கார உருண்டையைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. தோற்றவர் நடந்து வெளியேற ஒரு வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பேச்சியம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி டாக்டரம்மா, மருந்து இல்ல. புண்ணு எதுல வந்துச்சு? நல்லா இருந்த புள்ளைக்கு எதுல வந்துச்சுன்னு சொல்லுங்க."

நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் கதிரேசன் பேசினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் எல்லாவற்றையும் படித்திருக்கிறான். நம் நோயாளிகள் நம்மைவிட அதிகம் படிக்கிற காலத்தில் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள், என் அனுதாபங்கள்.

"சிகரெட்ட விட்டதுல வரும்னு போட்டுருக்கு டாக்டரம்மா. நெசமா?"

பேச்சியம்மாள் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார். ஒச்சப்பன் படத்தைச் சுருட்டினார். மறுவீட்டில் சிகரெட்டை மிதித்த கதை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இந்த மாதிரி ஒரு நொடிக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் வரும். இல்லவே இல்லை, போனில் வருவதையெல்லாம் நம்பாதே என்று சொல்லிவிடலாம். எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அவன் இன்னொரு இடத்தில் கேட்பான். அங்கே உண்மையைச் சொல்வார்கள். நான் ஒரு விஷயத்தில் பொய் சொன்னவள் என்று தெரிந்த நாளில், நான் சாப்பிடச் சொன்ன மாத்திரையையும் நிறுத்துவான். இந்த நோயில் நன்றாக இருக்கும்போதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அதற்கு அவன் என்னை நம்பியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் ஒரு பெண்ணின் குடித்தனம். சொல்லாவிட்டால் ஒருவனின் குடல். நல்ல பதில் என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நிஜம்தான் என்றேன்.

ஏன் வருகிறது என்று முழுக்கச் சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது; வருகிற உடம்புக்கு வருகிறது; புகை அதை அமுக்கி வைத்திருந்திருக்கலாம், எடுத்ததும் மேலே வந்திருக்கலாம் என்று விளக்கினேன். மறுபடி புகைத்தால் வயிறு கொஞ்சம் அடங்கினாலும் அடங்கலாம், ஆனால் நுரையீரலும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். மாத்திரையிலேயே அடக்கலாம், அதுதான் வழி என்றும் சொன்னேன். பின்பாதியை யாராவது கேட்டார்களா என்பது சந்தேகம்.

செல்வி கேட்கவில்லை. அவள் அறையில் இல்லை. வெளியே போனதை நான் கவனித்தேன். அழுவதற்குப் போகிறாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை உண்டு. அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஒரு சிகரெட் பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் மேசை மேல், குடல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். புருஷனை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"நான்தான் விடச் சொன்னேன். நானே வாங்கியாந்துட்டேன். குடிங்க. எனக்கு ஆளு இருந்தாப் போதும்."

கதிரேசன் பாக்கெட்டைப் பார்த்தான். கை எழவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை. நான் தடுக்க வேண்டிய இடம் அது. ஓர் அரசு மருத்துவமனையில், என் மேசை மேல் ஒரு சிகரெட் பாக்கெட். ஒரு சொற்பொழிவு தொண்டை வரை வந்துவிட்டது. நல்ல காலம், அதற்குள் பேச்சியம்மாளின் கை முந்திக்கொண்டது.

அவர் பாக்கெட்டை எடுத்தார். பிரிக்காமலே இரண்டாக ஒடித்தார். பிறகும் ஒடித்தார். புகையிலைத் தூள் படத்தின் மேல் கொட்டியது.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றார். மருமகளிடம்தான் சொன்னார். அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "இவங்கப்பா எதுல போனாருன்னு நெனச்ச? பீடி குடிச்சு நெஞ்சு அடச்சு, மூச்சு விட முடியாம ஒக்காந்தமேனிக்கே போனாரு. நான் மடியில வச்சுக்கிட்டு இருந்தேன். இவனை விடச் சொல்லி நானும் அழுது பாத்தேன், சோறு திங்காமக் கெடந்து பாத்தேன். கேக்கல. நீ சொல்லிக் கேட்டான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். முந்தானையால் மேசையில் கொட்டியிருந்த தூளைத் துடைத்து எடுக்கத் தொடங்கினார். ஒச்சப்பன் தங்கைக்கு உதவுவதுபோல் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

என் பணிக்காலத்தில் நான் சரியாகச் செய்த காரியங்களில், சும்மா இருந்த இந்தச் சில நிமிஷங்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் வேலைக்கு வந்தோம். பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது. நான் கொடுப்பது அதற்குத் துணை, அதற்குப் பதில் அல்ல. நான் கொடுக்கிற எதையும் அங்கேயும் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். இதை ஒவ்வொரு குடல் நோயாளியிடமும் நீங்களும் சொல்லுங்கள். இயற்கை வைத்தியம் என்பது மாத்திரையைத் தூக்கிப் போடுவது என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதி, பச்சையாக எதைத் தின்றாலும் நல்லது என்று நினைக்கிறது. புண்ணான குடலுக்கு முளைகட்டிய பயறு போடுவது, அடிபட்ட காலில் செருப்பை மாட்டி ஓடச் சொல்வதுபோல.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நோயில் பாதி வைத்தியம் அடுப்படியில்தான். பேச்சியம்மாள்தான் அந்த வீட்டில் சமைக்கிறவர். மகன் இளைக்கிறான் என்று நெய்யும் ஆட்டுக்கால் சாறும் காரக் குழம்புமாக ஊற்றிக்கொண்டிருந்தவரும் அவர்தான். ஆகவே அவர் பக்கம் திரும்பி, புண் ஆறுகிற வரைக்கும் சோற்றைக் குழைய வடிக்க வேண்டும், பீர்க்கங்காய் சுரைக்காயைத் தோல் விதை எடுத்து வேகவைக்க வேண்டும், மிளகாய் கூடாது என்று ஆரம்பித்தேன்.

அவர் கையில் இன்னும் அந்தத் தூள் இருந்தது. என்னை நிறுத்தச் சொல்லி மோவாயை மட்டும் மருமகள் பக்கம் அசைத்தார்.

"என்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அவகிட்டச் சொல்லுங்க. அவதான ஆக்கிப் போடணும்."

செல்வி முதலில் அசையவில்லை. பிறகு சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் முதலிலிருந்து சொன்னேன்.